வரப்போகும் கேமை எடைபோடுவது எப்படி?

2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விண்வெளி வீடியோ கேம் வெளியானது. அதை வாங்கிய இருவர், ஒரே கோளில் ஒரே இடத்தில் சந்திப்பதென்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தென்படவே இல்லை. பிற ஆட்டக்காரர்களைச் சந்திக்க முடியுமா என்ற கேள்விக்கு, வெளியீட்டுக்கு முந்தைய நேர்காணல்களில், முடியும், ஆனால் பிரபஞ்சம் மிகப் பெரியது என்பதால் அதற்கான வாய்ப்பு அரிது என்ற பொருளில் பதில் வந்திருந்தது. அந்த 'அரிது' என்ற சொல்லைத் தாண்டிப் போய், நண்பர்களோடு சேர்ந்து விண்கலம் ஓட்டலாம், கூட்டாகத் தளம் கட்டலாம் என்று பலர் மனத்துக்குள்ளேயே ஒரு முழு கேமைக் கட்டி முடித்திருந்தார்கள். சொன்னதே நடக்காமல் போனபோது, சொல்லாததையும் சேர்த்து எதிர்பார்த்திருந்தவர்களின் ஏமாற்றம் இரட்டிப்பாயிற்று.

வரப்போகும் கேமைப் பற்றி ஆசைப்படுவது தவறில்லை. காத்திருப்பதில் ஒரு சுகம் உண்டு, சில சமயம் கேமைவிடக் காத்திருப்பே நன்றாக இருந்துவிடுவதும் உண்டு. சந்தேகப்படுவதும் தவறில்லை. ஆனால் இரண்டையும் செலவில்லாமல் செய்துவிட முடிகிறது என்பதால், எந்த ஆசைக்கு அடிப்படை இருக்கிறது, எந்தச் சந்தேகத்துக்கு இல்லை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கும் வாய்ப்பதில்லை. அந்தப் பிரிப்பைச் செய்யும் ஒரு முறையையே இங்கே விளக்குகிறேன். அதற்கு ஒரு தாளும் பேனாவும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

தாளை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு கேமின் முதல் ட்ரெய்லரைப் பார்த்தவுடன், அதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் போவதற்கு முன்பே, தாளில் மூன்று பகுதிகளை வகுத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதிக்குக் 'காட்டியது' என்றும், இரண்டாவதற்குச் 'சொன்னது' என்றும், மூன்றாவதற்கு 'நானே சேர்த்தது' என்றும் தலைப்பிடுங்கள். நீங்கள் எதிர்பார்க்கும் ஒவ்வொன்றையும் இவற்றில் ஏதாவதொன்றில் எழுதியாக வேண்டும். எதில் எழுதுவது என்று தயங்க நேர்ந்தால், அது பெரும்பாலும் மூன்றாவது பகுதிக்கு உரியதாகத்தான் இருக்கும்.

எடுத்துக்காட்டாக 'ஜிடிஏ 6'-ஐ ('கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6') எடுத்துக்கொள்வோம். அதன் முதல் ட்ரெய்லர் 2023 டிசம்பரிலும் இரண்டாவது 2025 மே மாதத்திலும் வந்தன. வைஸ் சிட்டி நகரம், அதை உள்ளடக்கிய லியோனைடா மாநிலம், லூசியா, ஜேசன் என்ற இரு முதன்மைப் பாத்திரங்கள் ஆகியவை காட்டப்பட்டவை. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களில் வெளியாகும் என்பதும், இரண்டாவது ட்ரெய்லர் முழுவதும் பிளேஸ்டேஷன் 5-இல் பதிவு செய்யப்பட்டது, அதில் கேம்ப்ளேயும் (ஆடும் காட்சி) கட்சீனும் (இடையில் ஓடும் கதைக் காட்சி) சம அளவில் கலந்திருக்கின்றன என்பதும் சொல்லப்பட்டவை. வெளியீட்டு நாளும் சொல்லப்பட்டதுதான். ஆனால் அது முதலில் 2025 என்று இருந்து, பிறகு 2026 மே 26 ஆகி, 2025 நவம்பரில் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டு 2026 நவம்பர் 19 ஆனது என்பதையும் அதன் அருகிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். முந்தைய கேமைவிட வரைபடம் எத்தனை மடங்கு பெரியது, எத்தனை கட்டடங்களுக்குள் நுழையலாம், காவலர்கள் எவ்வளவு புத்திசாலித்தனமாகத் துரத்துவார்கள் என்பவற்றை அந்த ட்ரெய்லர்கள் இரண்டுமே சொல்லவில்லை. ஆனாலும் கேமர்கள் இருவர் சந்தித்தால் பேசுவது பெரும்பாலும் இவற்றைப் பற்றித்தான். ஆகவே இவை மூன்றாவது பகுதிக்கு உரியவை.

இப்படி எழுதிப் பார்க்கும் எவருக்கும் மூன்றாவது பகுதி மற்ற இரண்டையும்விட நீளமாக வந்து நிற்பது தெரியவரும். காத்திருக்கும் காலம் கூடக்கூட அது இன்னும் நீள்கிறது. 'ஜிடிஏ 5' வெளியானது 2013 செப்டம்பரில். இத்தனை ஆண்டுகள் இடைவெளி விழும்போது, அந்த இடைவெளியில் ஒருவர் ஆடிய மற்ற எல்லா கேம்களின் நல்ல அம்சங்களும் வரப்போகும் ஒன்றின் கணக்கில் ஏறிவிடுகின்றன. மூன்றாவது பகுதியைக் கிழித்து எறியச் சொல்லவில்லை. அந்த ஆசைகளுக்கு கேமை உருவாக்கும் ஸ்டூடியோ பொறுப்பேற்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அவற்றை வைத்திருக்கலாம்.

ட்ரெய்லரைப் பார்க்கும் முறை

'காட்டியது' என்ற பகுதியிலும் எல்லாம் ஒரே தரமுடையவை அல்ல. கேமுக்குச் சம்பந்தமில்லாமல் தனியாக உருவாக்கப்பட்ட அனிமேஷன் படம் ஒரு வகை. கேமை இயக்கும் மென்பொருளான என்ஜினிலேயே உருவாக்கி, ஆனால் யாரும் ஆடாமல், கேமரா கோணங்களை அமைத்துப் பதிவு செய்தது இரண்டாவது வகை. ஒருவர் கையில் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு உண்மையிலேயே ஆடுவது மூன்றாவது வகை. முதல் வகையை மூன்றாவது வகை என்று நம்பி ஏமாந்த கதைகளில் புகழ்பெற்றது 'கில்சோன் 2'. 2005ஆம் ஆண்டு ஈ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியில் காட்டப்பட்ட அதன் காட்சிகள் கேமிலிருந்தே எடுக்கப்பட்டவை என்று பலர் நம்பினார்கள். அவை முன்கூட்டியே தனியாக உருவாக்கப்பட்டவை என்பது பிறகுதான் தெளிவாயிற்று.

மூன்றாவது வகையையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2012 ஈ3-இல் 'வாட்ச் டாக்ஸ்' ஒருவர் ஆடும் கேமாகவே காட்டப்பட்டது. ஆனால் 2014 மே மாதம் அது வெளியானபோது, ஒளியும் நிழலும் நகரத்தின் நெரிசலும் முதலில் கண்ட அளவுக்கு இல்லை என்று ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் குறைப்பட்டார்கள். இதற்குப் பின்னால் எப்போதும் சூது இருக்க வேண்டும் என்பதில்லை. கண்காட்சிக்கான டெமோ என்பது பெரும்பாலும் 'வெர்டிகல் ஸ்லைஸ்' என்று துறையில் சொல்லப்படும் ஒரு துண்டு. இருபது நிமிட ஆட்டத்துக்கு ஒரே ஒரு தெருவையும் ஒரே ஒரு சண்டையையும் மெருகேற்றி, சக்தி வாய்ந்த கணினி ஒன்றில் ஓட்டி, எங்கே திரும்ப வேண்டும் என்று ஒத்திகை பார்த்த ஒருவரை ஆடவைத்துக் காட்டுவார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஏனெனில் காட்டுவதற்கென்று அந்த ஒரு சோற்றைத் தனியாக வேகவைத்திருப்பார்கள். அதே தரத்தில் முழு நகரத்தையும் கட்டி, விலை குறைந்த கன்சோலிலும் தடுமாறாமல் ஓடவைக்க வேண்டிய கட்டம் வரும்போதுதான் வெட்டும் குறைப்பும் தொடங்குகின்றன.

சில சமயம் நிலைமை இதைவிட விநோதமானது. 2017 ஈ3-இல் 'ஆந்தம்' காட்டப்பட்டபோது, தாங்கள் உருவாக்குவது எப்படிப்பட்ட கேம் என்பதே அதை உருவாக்கியவர்களில் பலருக்கு அந்த டெமோவைப் பார்த்த பிறகுதான் தெளிவாயிற்று என்று 2019இல் வெளிவந்த ஒரு விரிவான செய்திக் கட்டுரை தெரிவித்தது. ட்ரெய்லரைப் பார்க்கும் நாம், எங்கோ கேம் இருக்கிறது, அதிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் காட்டுகிறார்கள் என்று எண்ணிக்கொள்கிறோம். துண்டு மட்டும் முதலில் பிறந்து, கேம் அதன் பின்னால் ஓடிவருவதும் உண்டு.

எனவே ஒரு காட்சியை நம்பலாமா என்று பார்க்கும்போது நான் கவனிப்பவை சில உண்டு. உயிர்ப்பட்டையும் தோட்டா எண்ணிக்கையும் சிறு வரைபடமும் திரையில் தெரிகின்றனவா. வெட்டு இல்லாமல் தொடர்ந்து பத்து நிமிடமாவது ஓடுகிறதா. ஆடுபவர் எங்காவது தவறு செய்கிறாரா, தோற்கிறாரா. எந்த இயந்திரத்தில் பதிவு செய்தார்கள் என்று திரையின் கீழே எழுதியிருக்கிறார்களா. வெளியீட்டுக்கு நெருங்கிய மாதங்களில் புதிய இடங்களைக் காட்டுகிறார்களா, அல்லது பழைய அதே தெருவையே வேறு கோணத்தில் காட்டுகிறார்களா. இவற்றில் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 'சைபர்பங்க் 2077'-இன் 48 நிமிட டெமோ 2018 ஆகஸ்டில் வெளியானது; உருவாக்கத்தில் இருக்கும் கேம், மாறக்கூடும் என்ற குறிப்பு அதிலேயே இருந்தது. அதில் சுவரைப் பற்றி ஏறும் திறன் காட்டப்பட்டது. பிறகு அது கைவிடப்பட்டது என்று உருவாக்கியவர்களே 2020இல் தெரிவித்தார்கள். எனவே ஓர் அம்சத்தைத் தாளில் எழுதும்போது, அது கடைசியாக எப்போது காட்டப்பட்டது என்ற தேதியையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். இரண்டு ஆண்டுகளாக எந்தக் காட்சியிலும் தலைகாட்டாத அம்சத்தை மூன்றாவது பகுதிக்கு மாற்றிவிடுவது நல்லது.

வினைச்சொல்லின் முடிவைக் கவனியுங்கள்

உருவாக்குபவர்களின் பேச்சை எடைபோட எளிய வழி ஒன்று தமிழிலேயே இருக்கிறது. அவர்கள் சொன்னதைத் தமிழில் ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். அது 'இருக்கிறது' என்று முடிந்தால், இன்றைக்கே செய்து முடித்த ஒன்றைப் பற்றிப் பேசுகிறார்கள். காட்டச் சொல்லிக் கேட்கலாம். 'இருக்கும்' என்று முடிந்தால் அது வாக்குறுதி. 'இருக்கலாம்', 'வேண்டும் என்று விரும்புகிறோம்', 'யோசித்துக்கொண்டிருக்கிறோம்' என்று முடிந்தால் அது அவர்களுடைய ஆசை. நம்முடைய ஆசையைவிட அதற்கு அதிக மதிப்பு கொடுக்கத் தேவையில்லை. மூன்றாண்டுகளுக்கு முன்பு ஒருவர் 'இருக்கலாம்' என்று சொன்னது, வாய்க்கு வாய் மாறி, வெளியீட்டு நாளுக்குள் 'இருக்கிறது' என்று ஆகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்று பழி வருகிறது.

பெரிய எண்களிடமும் எச்சரிக்கை வேண்டும். 'நோ மேன்ஸ் ஸ்கை'யில் 2-ஐ 64 முறை பெருக்கினால் கிடைக்கும் எண்ணிக்கையில், அதாவது ஏறத்தாழ 1.84 லட்சம் கோடி கோடி கோள்கள் இருக்கும் என்றார்கள். அது உண்மை. ஒவ்வொரு கோளையும் கையால் வரையாமல், ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணிதச் சூத்திரத்தால் அந்தந்த நேரத்தில் உருவாக்குவதால் அந்த எண்ணிக்கை இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த எண், ஐம்பதாவது கோளில் இறங்கும்போது நாற்பத்தொன்பதாவதில் காணாத எதையாவது காண்போமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. வெளியான வேளையில் பலரைச் சலிப்படையச் செய்தது அதுதான். பெரிய எண்ணைக் கேட்டதும், 'சரி, அதில் நான் என்ன செய்வேன்?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் ட்ரெய்லரில் இருந்தால் முதல் பகுதியில் எழுதுங்கள்.

சந்தேகத்துக்கும் அதே சோதனை

இதுவரை ஆசையைத்தான் சலித்தோம். சந்தேகத்தை அதே சல்லடையில் போடாமல் விட்டால் கணக்கு ஒருதலைப்பட்சமாகிவிடும். சூடுகண்ட பூனை அடுப்பண்டை சேராது என்பதுபோல, ஒருமுறை ஏமாந்தவர்கள் அடுத்து வரும் எல்லாவற்றையும் பழிக்கத் தொடங்குகிறார்கள். பழிப்பவர் அறிவாளியாகத் தெரிவார், நம்புபவர் அப்பாவியாகத் தெரிவார் என்ற ஒரு வசதியும் அதில் இருக்கிறது. தோற்ற கேம்களைப் பற்றி முன்பே சொன்னேன் என்று பெருமைப்படுபவர்கள், வென்ற கேம்களைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதை யாரும் குறித்து வைப்பதில்லை.

உங்கள் சந்தேகத்தை எழுதிக்கொண்டு, எதைக் கண்டால் இதைக் கைவிடுவேன் என்று கேளுங்கள். 'பிசியில் ஃபிரேம் ரேட் (ஒரு நொடியில் திரையில் காட்டப்படும் படங்களின் எண்ணிக்கை) தடுமாறும்' என்பது நல்ல சந்தேகம். வெளியீட்டு நாளிலேயே அது சரியா தவறா என்று தெரிந்துவிடும். 'ஆடையும் ஆயுதமும் தனித்தனியாகப் பணம் கொடுத்து வாங்கவேண்டி வரும்' என்பதும் நல்ல சந்தேகம். கடைப் பக்கத்தில் 'கேமுக்குள் வாங்கும் வசதி உண்டு' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். 'அந்த நிறுவனம் இப்போது சரியில்லை' என்பது சந்தேகமே அல்ல, மனநிலை. அதைக் கைவிடச் செய்யக்கூடிய சான்று எதுவும் இல்லையென்றால், தாளில் அதற்கு இடம் தர வேண்டாம்.

அதிகம் தவறாகப் படிக்கப்படும் அறிகுறி தாமதம். 'ஹாலோ நைட்: சில்க்சாங்' 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு, நீண்ட மௌனங்களுக்குப் பிறகு 2025 செப்டம்பர் 4 அன்றுதான் வெளியானது. இடையில் அது முடங்கிவிட்டது, இனி வராது என்று சொன்னவர்கள் ஏராளம். உண்மையில் அந்தச் சிறு குழுவினர் வேலையை ரசித்து, கேமை விரித்துக்கொண்டே போயிருந்தார்கள். வெளியான அன்று வாங்கக் குவிந்த கூட்டத்தில் இணையக் கடைகள் திணறின. மறுபக்கம், 1997இல் அறிவிக்கப்பட்ட 'டியூக் நியூகெம் ஃபார்எவர்' 2011இல் வந்தபோது அந்தப் பதினான்கு ஆண்டுகளும் அதற்கு எந்த நன்மையும் செய்திருக்கவில்லை. ஆகவே தாமதத்தின் நீளத்திலிருந்து மட்டும் எதையும் முடிவு செய்ய இயலாது. தாமதத்தின் வகையைத்தான் பார்க்க வேண்டும்.

ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்று தள்ளிப்போனால், பெரும்பாலும் கேமின் உள்ளடக்கத்திலேயே இன்னும் வேலை இருக்கிறது என்று பொருள். மூன்று வாரம், ஒரு மாதம் என்று கடைசி நேரத்தில் தள்ளிப்போனால், பிழைகளைக் களையவும் கன்சோல் நிறுவனங்களின் சான்றிதழ் சோதனையைக் கடக்கவும் போராடுகிறார்கள் என்று ஊகிக்கலாம். 'சைபர்பங்க் 2077' 2020 ஏப்ரல் 16-இலிருந்து செப்டம்பர் 17-க்கும், பிறகு நவம்பர் 19-க்கும், இறுதியாக டிசம்பர் 10-க்கும் நகர்ந்தது. இந்த மூன்றாவது தள்ளிவைப்புதான் உண்மையான எச்சரிக்கை மணி. ஏனெனில் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கேம் 'கோல்ட்' நிலையை அடைந்துவிட்டது, அதாவது வட்டில் பதிக்கத் தயாராகிவிட்டது என்று அறிவித்திருந்தார்கள். இதற்கு மாறாக, 2017இல் அறிவிக்கப்பட்ட 'மெட்ராய்ட் பிரைம் 4'-ஐப் பற்றி, எதிர்பார்த்த தரத்தை எட்டவில்லை, வேறொரு ஸ்டூடியோவிடம் கொடுத்து முதலிலிருந்து தொடங்குகிறோம் என்று 2019 ஜனவரியில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள்; அது 2025 டிசம்பரில் வெளியானது. காரணத்தைச் சொல்லும் தாமதத்துக்கும், நாளை மட்டும் மாற்றும் தாமதத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

கசிந்த காட்சிகளைப் பார்த்து எழும் சந்தேகத்தை அறவே ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து. 2022 செப்டம்பரில் 'ஜிடிஏ 6'-இன் உருவாக்கக் காட்சிகள் திருடப்பட்டு வெளியானபோது, கிராபிக்ஸ் இவ்வளவுதானா என்று இகழ்ந்தவர்கள் பலர். ஒரு கேமின் ஒளி, மேற்பரப்பு, அசைவு போன்றவை பலமுறை திருத்தப்பட்டு இறுதிக் கட்டத்தில்தான் முழு வடிவம் பெறுகின்றன. அதை விளக்குவதற்காகவே, பிற ஸ்டூடியோக்களில் பணிபுரிபவர்கள் தங்களுடைய புகழ்பெற்ற கேம்களின் அரைகுறைக் காட்சிகளை அப்போது தாமாகவே வெளியிட்டார்கள். பெட்டிகளும் சாம்பல் நிறச் சுவர்களுமாக அவையும் பரிதாபமாகத்தான் இருந்தன.

ஸ்டூடியோவின் பெயரை வைத்து நம்புவதிலும் சந்தேகிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெயர் அதேதான் என்றாலும் உள்ளே இருப்பவர்கள் மாறியிருக்கலாம். அதைவிட முக்கியமாக, அவர்கள் பழகிய வகையிலிருந்து விலகி வேறு வகைக்குப் போயிருக்கலாம். ஃப்ரம்சாஃப்ட்வேர் 'எல்டன் ரிங்'கை உருவாக்கியபோது அதற்கு முன் பத்தாண்டுகளுக்கு மேலாகச் செய்துவந்ததையே திறந்த உலகத்துக்கு விரித்தது. கதையும் உரையாடலும் நிறைந்த கேம்களால் பெயர் பெற்ற பயோவேர் 'ஆந்தம்' மூலம் இறங்கியது, இணையத்தில் கூட்டாகச் சுடும் வகைக்கு. ஒரு ஸ்டூடியோ எதில் கைதேர்ந்தது, இப்போது செய்வது அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இவை எல்லாவற்றையும்விட வலுவான சான்று, கேமை நாமே தொட்டுப் பார்ப்பது. 'பால்டர்ஸ் கேட் 3' 2020 அக்டோபரில் எர்லி ஆக்சஸ் முறையில், அதாவது முழுமையடையும் முன்பே விற்பனைக்கு வந்து, முதல் பகுதியை ஏறத்தாழ மூன்றாண்டுகள் மக்கள் கையில் கொடுத்து, குறைகளைக் கேட்டுத் திருத்திய பிறகே 2023 ஆகஸ்டில் முழுமையாக வெளியானது. அதை வாங்கலாமா என்று தயங்கியவர் ட்ரெய்லரை ஆராய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. 'கான்கார்ட்' 2024 ஜூலையில் பீட்டாவுக்கு, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனை ஆட்டத்துக்கு, திறக்கப்பட்டபோது, இலவசமாக ஆடும் வாய்ப்பிருந்தும் கூட்டம் சேரவில்லை. ஆகஸ்ட் 23 அன்று வெளியான அது செப்டம்பர் 6 அன்று நிறுத்தப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. டெமோவோ பீட்டாவோ கிடைத்தால், ஒரு மணி நேரம் ஆடிவிட்டு மூடுங்கள். மறுநாள் கை தானாக அதைத் தேடுகிறதா என்று பாருங்கள்.

பணம் கொடுக்கும் முன்

காத்திருப்பதும் பணம் கொடுப்பதும் வேறுவேறு முடிவுகள். அவற்றை ஒன்றாக்கி வைத்திருப்பது ப்ரீ-ஆர்டர். வட்டுகள் கடையில் தீர்ந்துபோகும் காலத்தில் முன்கூட்டியே சொல்லி வைப்பதற்குப் பொருள் இருந்தது. பதிவிறக்கம் தீர்ந்துபோவதில்லை. கூடுதலாக ஓர் ஆடையோ ஆயுதமோ தருகிறார்கள் என்பதற்காக முன்பணம் கட்டுவதானால், அந்த ஆடையை எத்தனை மணி நேரம் அணிந்திருப்பீர்கள் என்று யோசித்துவிட்டுக் கட்டுங்கள்.

வாங்க விரும்பும் கேம்களைக் குறித்து வைக்கும் விஷ்லிஸ்டில் எத்தனை பேர் சேர்த்திருக்கிறார்கள் என்பதை ஒருபோதும் சான்றாகக் கொள்ள வேண்டாம். 'தி டே பிஃபோர்' ஒரு காலத்தில் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையின் விஷ்லிஸ்ட் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. 2023 டிசம்பர் 7 அன்று வெளியானபோது, பல்லாயிரம் பேர் கூடி வாழும் உலகை எதிர்பார்த்தவர்கள் அதில் வேறொன்றைக் கண்டார்கள். நான்கே நாளில் அதன் ஸ்டூடியோ மூடப்படுவதாக அறிவித்தது. அந்தப் பட்டியல் அளந்தது எல்லோருடைய மூன்றாவது பகுதியையும்தான்.

விமர்சனங்களைப் படிக்கும்போது, என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு முன்பு, எப்போது எந்த இயந்திரத்தில் ஆடி எழுதினார்கள் என்று பாருங்கள். 2014இல் 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி'க்கான விமர்சனத் தடை, அதாவது குறித்த நேரத்துக்கு முன் விமர்சனம் வெளியிடக் கூடாது என்ற கட்டுப்பாடு, கேம் விற்பனைக்கு வந்து பல மணி நேரம் கழித்தே விலக்கப்பட்டது. அதற்குள் பிழைகளை வாங்கியவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். 'சைபர்பங்க் 2077'-க்கு வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது பிசி பதிப்பு மட்டுமே. உயர்ந்த மதிப்பெண்களைப் படித்துவிட்டுப் பழைய கன்சோலில் வாங்கியவர்கள் கண்டது வேறு கேம். ஒரே வாரத்தில் பிளேஸ்டேஷன் நிறுவனமான சோனி அதைத் தன் கடையிலிருந்தே நீக்கியது, 2021 ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது. உங்களிடம் இருக்கும் இயந்திரத்துக்கான விமர்சனம் ஒன்றுகூட வெளிவரவில்லையென்றால், அதுவே ஒரு விமர்சனம்.

பணத்தைத் திரும்பப் பெறும் விதிகளை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டீமில் வாங்கிய 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பொதுவாகக் கேள்வி கேட்காமல் திருப்பித் தருகிறார்கள். ப்ரீ-ஆர்டர் செய்ததை வெளியீட்டுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். கூடுதல் பணம் கட்டி மூன்று நாள் முன்னதாகவே ஆடத் தொடங்கினால், அந்த நேரமும் இரண்டு மணிக் கணக்கில் சேரும். பிளேஸ்டேஷன் கடையில் கேமைப் பதிவிறக்கத் தொடங்கிவிட்டாலே, அது பழுதாக இருந்தாலொழிய, திரும்பப் பெறும் வாய்ப்பு போய்விடுகிறது. முன்பதிவு செய்தவர்கள் தானாகவே பதிவிறக்கமாகும் வசதியை அணைத்து வைப்பது இதனால்தான். இரண்டு மணி நேரம் கிடைக்கும் இடத்தில், பாத்திரத்தின் மூக்கையும் தாடையையும் செதுக்கிக்கொண்டு நாற்பது நிமிடத்தைக் கரைக்காதீர்கள். முகம் எப்படி இருந்தாலும் சரி என்று உள்ளே போய், கூட்டமான இடத்தில் ஃபிரேம் ரேட்டையும், சண்டையில் கன்ட்ரோல்களின் இசைவையும், எழுத்துகள் கண்ணுக்குப் படிக்கத் தெரிகின்றனவா என்பதையும் முதலில் பாருங்கள்.

வெளியான பின் தாளைத் திறவுங்கள்

சில நாள் ஆடிய பிறகு, எழுதி வைத்த தாளை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆம், இல்லை என்று குறியுங்கள். முதல் இரண்டு பகுதிகளில் 'இல்லை' விழுந்தால் ஸ்டூடியோவிடம் கேட்பதற்கு உங்களுக்கு நியாயம் இருக்கிறது. அந்த வரியையும், அது காட்டப்பட்ட அல்லது சொல்லப்பட்ட நாளையும் குறிப்பிட்டு எழுதும் புகார், வசையைவிடக் கூர்மையாகப் போய்ச் சேரும். சந்தேகங்களுக்கும் அதேபோல் குறியிடுங்கள். தவறிப்போன சந்தேகங்களை அடித்துவிடாமல் வைத்திருங்கள், அடுத்த கேமைப் பற்றிப் பேசும்போது உங்களுக்கே அவை தேவைப்படும்.

தாளின் தலைப்பில் அன்றைய தேதியை எழுத மறக்க வேண்டாம். 2016இல் ஒருவரையொருவர் காண முடியாத 'நோ மேன்ஸ் ஸ்கை'யில், 2018 ஜூலையில் இலவசமாக வந்த மேம்பாட்டுக்குப் பிறகு நண்பர்கள் கூடி ஆட முடிந்தது. 'சைபர்பங்க் 2077' 2023 செப்டம்பரில் 2.0 பதிப்பால் பெரிதும் மாறியது. அப்படி மாறும் என்று நம்பி முதல் நாளே வாங்குவதும் ஆபத்துதான்: 'ஆந்தம்'மைச் சீரமைக்கும் முயற்சி 2021 பிப்ரவரியில் கைவிடப்பட்டது, அதன் சர்வர்கள் 2026 ஜனவரி 12 அன்று அணைக்கப்பட்டன. ஓராண்டு கழித்து அதே தாளை மறுபடி எடுத்து, 'இல்லை' என்று குறித்த வரிகளில் எத்தனை இப்போது 'ஆம்' ஆகியிருக்கின்றன என்று வேறு நிற மையில் எழுதிப் பாருங்கள். அந்த ஸ்டூடியோவின் அடுத்த ட்ரெய்லர் வரும் நாளில் முதலில் திறக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.